பழைய டிபி-லிங்க் ரவுட்டரை மாடிக்கு வைஃபை பெட்டியாக மாற்றலாமா? வயரைச் செருகினால் கீழே நெட் போய்விடுகிறது

கணக்கு_டீச்சர்_பாளை:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கீழும் மாடியுமாக எங்கள் வீடு. பைபர் பெட்டி கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் மாடி அறையில் உட்கார்ந்து சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். படிக்கட்டுத் திருப்பம் வரைக்கும் சிக்னல் அருமையாக இருக்கிறது. அதைத் தாண்டி அறைக்குள் போனால் ஒரு கோடுதான். தொகையிடல் கணக்கு பாதியில் நிற்கும்போது "மிஸ், ஸ்டக் ஆகுது" என்று சாட்டில் வரிசையாக வந்து விழும். மொபைல் டேட்டாவில் சமாளித்துப் பார்த்தேன், சரிப்படவில்லை.

பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. டிபி-லிங்க், டிஎல்-டபிள்யூஆர்841என், இரண்டு கொம்பு. பைபர் வருவதற்கு முன்னால் தெருக் கேபிள்காரர் நெட் கொடுத்தபோது வாங்கியது. பின்னால் நீலத் துளை ஒன்று, மஞ்சள் துளை நான்கு. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நீளமான லேன் வயர் வாங்கி, படிக்கட்டு வழியாகத் தொங்கவிட்டுச் சோதித்தேன்.

பைபர் பெட்டியிலிருந்து வந்த வயரை நீலத் துளையில் செருகினால் மாடியில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் நெட் இல்லை. மஞ்சள் துளையில் செருகினால் லேப்டாப்பில் நெட் வந்தது! சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கீழே அப்பா கூப்பிட்டார். அவர் போன் வைஃபையில் இருக்கிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது. அணைத்துப் போட்டால் சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை. அம்மாவின் போன் மட்டும் ஒன்றும் ஆகாமல் ஓடுகிறது. வயரைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் பழையபடி சரியாகிவிடுகிறது. "மாடிக்குக் கொண்டு போறேன்னு கீழ இருந்ததையும் கெடுத்துட்டியே" என்று அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

இந்தப் பெட்டி இதற்கு உதவுமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா? வயர் இழுக்கவும் சுவரை உடைக்காமல் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். பிளான் 100 எம்பிபிஎஸ்.


சிறுவாணி:

மேடம், அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு ஒரு மெஷ் செட் வாங்குங்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டிகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. வயரே வேண்டாம், போன் ஆப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும். வாங்க மனசில்லையென்றால் 841-ஐ டபிள்யூடிஎஸ் பிரிட்ஜாகப் போடலாம், கீழே உள்ள வைஃபையை வாங்கி மேலே கொடுக்கும்.


வயர்மேன்_மேலூர்:

டீச்சர், வயரைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம். அந்த 841 போதும். நான் மதுரைப் பக்கம் சிசிடிவி, நெட்வொர்க் வயரிங் வேலை பார்க்கிறேன். இந்த மாடல் இன்னும் எத்தனையோ கடையில் கல்லாவுக்கு மேலே தூசி படிந்துகொண்டு ஓடுகிறது.

சிறுவாணி தம்பி சொன்ன டபிள்யூடிஎஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில் சிக்னல் வராததற்குக் காரணம் கான்கிரீட் தளமும் அதற்குள் இருக்கிற கம்பியும். படிக்கட்டு திறந்த வழி, அதனால் திருப்பம் வரை வருகிறது. அந்த ஒரு கோடு சிக்னலை வாங்கித் திரும்பக் கொடுத்தால் ஒரு கோட்டுக்குரிய நெட்தான் வரும். 841-இல் ரேடியோவும் ஒன்றே ஒன்றுதான். வாங்குவதும் அதில், கொடுப்பதும் அதில். வேகம் பாதியாகும், சில வீட்டில் அதற்கும் கீழே போகும். மெஷ் நல்ல சாமான், நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அதுவும் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வயர் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். எப்படியும் வயர் இழுக்கத்தான் வேண்டும் என்றால் பரணில் கிடந்ததையே போடலாமே.

இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீலத் துளை இன்டர்நெட்டுக்கு உரியது. பழைய கேபிள்காரர் கொடுத்த பிபிபிஓஇ (லாகின் செய்து நெட் வாங்கும் முறை) யூசர்நேமும் பாஸ்வேர்டும் இன்னும் உள்ளேயே இருக்கும். ரவுட்டர் அதைச் சொல்லி பைபர் பெட்டியிடம் லாகின் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அதை 'டைனமிக் ஐபி' என்று மாற்றினால் நெட் வரும்தான். ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே பிரிண்டர் இருந்தால் மேலே இருந்து தேடினாலும் கிடைக்காது. அந்த வழி வேண்டாம், நீலத் துளையை மறந்துவிடுங்கள்.

மஞ்சள் துளைதான் சரி. ஆனால் அதில் செருகியபோது வீட்டில் இரண்டு டிஎச்சிபி ஆகிவிட்டது. வைஃபைக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் 'உன் எண் இது, வெளியே போகும் வாசல் இது' என்று சொல்லி அனுப்புவது டிஎச்சிபி. ஒரே ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான். போன் கேட்ட உடனே யார் முந்திக் கொடுக்கிறார்களோ அதை வாங்கிக்கொள்ளும். பைபர் பெட்டி முந்தினால் நெட் வரும். 841 முந்தினால் 'நான்தான் வாசல்' என்று சொல்லிவிடும், அதற்கோ வெளியே போக வழியில்லை. அம்மாவின் போன் முன்பு வாங்கிய எண்ணை இன்னும் வைத்திருக்கும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டுப் பார்த்தாரே, ஒவ்வொரு தடவையும் இது லாட்டரி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மறுபடி மஞ்சளில் செருகி, அப்பா போனில் நெட் போன நேரத்தில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.0.100-இலிருந்து மேலே ஏதாவது ஒன்றாக இருக்கும், கேட்வே, அதாவது அந்த வாசல், 192.168.0.1 என்று இருக்கும். அப்படியிருந்தால் நான் சொன்னதுதான்.

செய்ய வேண்டியது இதுதான்: அந்தப் பெட்டியின் ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு, மீதியை வைத்துக்கொள்வது. மீதி என்றால் ஒரு வைஃபை ரேடியோ, நான்கு துளை உள்ள ஒரு ஸ்விட்ச், அதாவது ஒரு வயரில் வரும் நெட்டைப் பல வயருக்குப் பிரித்துக் கொடுப்பது. கடைசியில் இந்த ஸ்விட்ச்தான் உங்களுக்கு வைஃபையைவிட உதவப் போகிறது, அதை முடிவில் சொல்கிறேன்.

பைபர் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 841-ஐ லேப்டாப்போடு மட்டும் ஒரு சின்ன வயரால் மஞ்சள் துளையில் இணையுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எந்தப் பெட்டியோடு பேசுகிறீர்கள் என்றே தெரியாது. பின்னால் ரீசெட் பட்டன் இருக்கும். சில வெர்ஷனில் டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் சேர்க்கும் வசதி) பட்டனும் அதுவும் ஒன்றே. விளக்கெல்லாம் மின்னும் வரை, சுமார் பத்து விநாடி அமுக்குங்கள். பழைய கேபிள்காரரின் சமாசாரம் எல்லாம் அழிந்துவிடும். பிறகு பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் பச்சைப் பக்கம் திறக்கும். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். திறக்காவிட்டால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். புது வெர்ஷன் என்றால் பக்கம் நீலமாக இருக்கலாம், உள்ளே 'ஆபரேஷன் மோட்' என்று ஒன்று இருந்து அதில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்றும் இருந்தால் உங்கள் வேலை சுலபம், அதைத் தேர்ந்தெடுத்தால் டிஎச்சிபி சண்டையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் வயர்லெஸ் பக்கம் போய்ப் பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, என்கிரிப்ஷன் ஏஇஎஸ். அங்கே டிகேஐபி என்று இருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் விட்டால் வேகம் 54-ஐத் தாண்டாது. டபிள்யூபிஎஸ்-ஐ அணையுங்கள். சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 11 என்றும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். கீழே உள்ள பைபர் பெட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை 1 அல்லது 6-இல் வைக்கலாம். 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் இந்த மூன்றுதான். 40 என்று வைத்தால் எண் பெரிதாகத் தெரியும், தெருவில் எல்லா வீட்டு வைஃபையும் சேர்ந்து உங்கள் வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து நெட்வொர்க் பக்கத்தில் லேன். அங்கே 192.168.0.1 இருக்கும். பைபர் பெட்டியின் எண் வரிசைக்கு இதை மாற்ற வேண்டும். அது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 கொடுங்கள். உங்கள் பெட்டி வேறு எண்ணில் இருந்தால் முதல் மூன்று பகுதி அப்படியே, கடைசி மட்டும் வேறு. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். ரவுட்டர் தானாக அணைந்து எழும், புது எண்ணில் மறுபடி லாகின் செய்யுங்கள்.

அதற்குப் பிறகுதான் டிஎச்சிபி. 'டிஸேபிள்', சேவ், ரீபூட். இதை முதலில் செய்துவிட்டால் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆளில்லாமல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே போக முடியாமல் போகும், அதனால்தான் வரிசை.

இதோடு பைபர் பெட்டியில் ஒரு வேலை. அதன் டிஎச்சிபி பெரும்பாலும் 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் கொடுக்கும். முடிவை 200 ஆக்குங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது உறவுக்காரர் யாராவது வந்து வைஃபை கேட்கும்போது அவர் போனுக்கு 250 போய், மாடி மயங்கி விழும். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு இல்லை என்றால் பைபர் லைன்மேனிடம் கேளுங்கள்.

இப்போது வயரின் ஒரு முனை பைபர் பெட்டியின் லேன் துளையில், மறுமுனை 841-இன் மஞ்சளில். நீலம் காலி. ஒரே ஒரு வயர். 'ரெண்டு வயர் போட்டால் ரெண்டு மடங்கு வேகம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டும் சேர்ந்து வட்டமாகி மொத்த வீடும் நின்றுபோகும்.

வயர் எந்த வழியாகப் போகலாம் என்று நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கீழே டிவிக்குப் பக்கத்தில்தான் பெட்டி என்கிறீர்கள். முன்பு டிஷ் இருந்ததா?


கணக்கு_டீச்சர்_பாளை:

அண்ணாச்சி, கும்பிடுகிறேன். அப்பா போனில் பார்த்தேன், 192.168.0.104, கேட்வே 192.168.0.1. நீங்கள் நேரில் வந்து பார்த்ததுபோல் சொல்லிவிட்டீர்கள். அப்பாவிடம் ரேஷன் டோக்கன் கதையையும் சொன்னேன், "அப்ப தப்பு மெஷின் மேலயா" என்றார்.

டிஷ் இருந்தது! மொட்டை மாடியிலிருந்து கறுப்பு வயர் மாடி அறைச் சுவருக்குள் பைப் வழியாக இறங்கி டிவிக்குப் பின்னால் வருகிறது. மாடி அறையில் ஒரு பெட்டி மூடியும் இருக்கிறது. டிஷ்ஷை எப்போதோ நிறுத்தியாயிற்று.

சந்தேகம்: லேப்டாப்பில் லேன் துளையே இல்லை, ரொம்ப மெல்லிசு மாடல். போனை வைத்து அந்தப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். 841-இன் வைஃபையில் சேர்ந்த பிறகும் 192.168.0.1 திறக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது.


வயர்மேன்_மேலூர்:

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறங்கள், டீச்சர். 841-இல் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கத்தை வெளி உலகத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா' என்று கேட்டால் தொடர் என்று சொல்லுங்கள். வைஃபை பெயரை மாற்றியதும் இணைப்பு அறும், புதுப் பெயரில் மறுபடி சேர வேண்டும். எண்ணை மாற்றிய பிறகும் ஒருமுறை வைஃபையை அணைத்துப் போடுங்கள். மற்றபடி நான் சொன்ன அதே வரிசைதான்.

அந்தக் கறுப்பு வயர் உங்களுக்குப் புதையல். அதை உருவி எடுத்துவிடாதீர்கள்! மாடி அறையின் பெட்டி மூடியைத் திறந்து, டிஷ் பக்கம் போகிற வயரை அங்கே வெட்டுங்கள். கீழே போகிற துண்டின் முனையில் புது கேட் 6 லேன் வயரை நன்றாகச் சேர்த்துக் கட்டி, இன்சுலேஷன் டேப்பைக் கூம்பாகச் சுற்றுங்கள். இப்போது கீழே ஒருவர் பழைய வயரை மெதுவாக இழுக்க, மேலே ஒருவர் புதியதைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பழையது வெளியே வரும், பின்னாலேயே புதியது வந்து நிற்கும். வளைவில் இறுகினால் முரட்டுத்தனமாக இழுக்காமல் கொஞ்சம் பின்னால் விட்டு இழுங்கள், பைப்புக்குள் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் வழுக்கும். ஒருவேளை அறுந்தால் எலக்ட்ரீசியன் ஸ்பிரிங் விட்டு எடுத்துவிடுவார்.

முனையில் கனெக்டர் போடாத வயரைத்தான் இழுக்க வேண்டும். ரெடிமேட் வயரின் தலை அந்த வளைவில் திரும்பாது. இழுத்த பிறகு கனெக்டரை மாட்டி அமுக்கி கிரிம்பிங் செய்யச் சொல்லுங்கள். இரண்டு முனையும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இதில் 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி இருந்தாலே 841 ஓடிவிடும், அதன் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான். அதனால் சில ஆட்கள் நான்கை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு 'ஓடுதுல்ல' என்று கிளம்பிவிடுவார்கள். நாளைக்கு நல்ல பெட்டி மாற்றி வேகமான பிளான் எடுக்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்வது நீங்கள். எட்டையும் டெஸ்டரில் காட்டச் சொல்லுங்கள்.

வயர் வாங்கும்போது உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் வாங்கலாம். வெள்ளையாக மின்னினால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம், இரண்டு தடவை மடங்கினால் கிரிம்பிங் இடத்தில் ஒடியும்.

ஒன்று கவனம்: அந்த பைப்பில் கரண்ட் வயரும் சேர்ந்து போனால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். டிஷ் வயர் மட்டும் இருக்க வேண்டும்.


பழைய_எக்ஸ்சேஞ்ச்:

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலூர்க்காரர் சொன்னதில் மாற்றமில்லை. மின்சாரம் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை.

அந்த 841-க்கு வந்த அடாப்டர் 9 வோல்ட், 0.6 ஆம்பியர். பைபர் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டின் செருகு முனையும் பல நேரம் ஒன்றுபோலவே நுழையும். மாடியில் இருக்கும் அடாப்டர் கெட்டுப்போனது என்று கீழே உள்ளதைக் கழற்றிச் செருகாதீர்கள், அம்மா. அடாப்டர் மேல் எழுதியிருப்பதைப் பெட்டிக்கு அடியில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். பரணில் பல வருடம் கிடந்த அடாப்டர் என்றால், பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்போது பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போனால் வகுப்பு நிற்காமல் இருக்க இரண்டு பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை, மாடிப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும், கீழே பைபர் அணைந்திருக்கும். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தனித்தனித் துளையில் தருபவையும் உண்டு, எதில் எது என்று பார்த்துச் செருகுங்கள்.

இன்னொன்று. வெட்டிய டிஷ் வயரின் மேல் துண்டு மொட்டை மாடியில் இரும்பு டிஷ்ஷோடு இணைந்தே இருக்கும். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் அந்த முனை உங்கள் அறைக்குள், புது வயருக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தத் துண்டை மேலே இழுத்து எடுத்துவிடுங்கள், பைப் வாயையும் அடைத்துவிடுங்கள். மழைத்தண்ணீரும் இறங்காது.


கணக்கு_டீச்சர்_பாளை:

ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. எலக்ட்ரீசியன் வந்து டிஷ் வயரைப் பிடித்தே கேட் 6-ஐ இறக்கிவிட்டார். முதல் வளைவில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டியது. மேலே உள்ள துண்டையும் எடுத்தாயிற்று. பவுடர் கேட்டபோது அம்மா "வயருக்கா?" என்று சிரித்தது தனிக்கதை.

ரவுட்டரில் 'ஆபரேஷன் மோட்' இல்லை, பழைய பச்சைப் பக்கம்தான். நீங்கள் சொன்ன வரிசையில் எல்லாம் செய்தேன். இப்போது யார் போனைப் பார்த்தாலும் 192.168.1 என்றுதான் வருகிறது, கேட்வே கீழே உள்ள பைபர் பெட்டி. கீழே இருக்கும் பிரிண்டருக்கு மாடியிலிருந்தே வினாத்தாள் அனுப்ப முடிகிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மாடியில் போனில் வேகம் பார்த்தால் 60 பக்கம் வருகிறது. பிளான் 100 ஆயிற்றே, மீதி எங்கே?

இன்னொரு சந்தேகம். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். கீழேயிருந்து மாடிக்கு வந்தால் போன் சில சமயம் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. முழுசாகக் காட்டுகிற பெட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, ஆனாலும் மாறமாட்டேன் என்கிறது.


வயர்மேன்_மேலூர்:

60 நல்ல எண், டீச்சர். அந்தப் பெட்டி மேல் '300' என்று எழுதியிருப்பது 40 மெகாஹெர்ட்ஸில், காற்றில் நடக்கும் பேச்சின் வேகம். 20-இல் அது 144. அதிலும் பாதிக்குமேல் கைக்கு வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். உங்கள் வீடியோ வகுப்புக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் தடங்கல் இல்லாமல் வந்தால் போதும். வேகத்தைவிடத் தடங்கல்தான் உங்கள் எதிரி.

எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்பது போன் எடுக்கும் முடிவு. 841 அதில் தலையிட முடியாது. 802.11ஆர், கே, வி என்று போனுக்கு வழிகாட்டும் ஏற்பாடு புதுப் பெட்டிகளில் உண்டு, இதில் இல்லை. சிறுவாணி தம்பி சொன்ன மெஷ் இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கும், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது கீழே உள்ள பெட்டியின் 2.4 பவரைக் குறைப்பது, அப்படி ஒரு இடம் அதன் பக்கத்தில் இருந்தால். மாடிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்தால் போன் தானாக விட்டுவிடும். எல்லாரும் பவரைக் கூட்டத்தான் பார்ப்பார்கள், இரண்டு பெட்டி வைத்த வீட்டில் குறைப்பதுதான் வேலைக்கு ஆகும். அதுவும் தொந்தரவாக இருந்தால் மாடிக்குத் தனிப் பெயர் வைத்துவிடுங்கள். நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்குத்தான் ஒரே பெயர் வேண்டும், நீங்கள் உட்கார்ந்து பாடம் எடுக்கிறீர்கள்.

முடிவில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். வகுப்பெடுக்கும் லேப்டாப்பை வைஃபையிலேயே வைக்காதீர்கள். யுஎஸ்பி-சியில் செருகுகிற சின்ன லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். 841-இல் இன்னும் மூன்று மஞ்சள் துளை சும்மா இருக்கிறது. அதிலிருந்து மேசைக்கு ஒரு வயர். பக்கத்து வீட்டு வைஃபையோ, யாராவது மைக்ரோவேவ் போடுவதோ, ப்ளூடூத்தோ உங்கள் கரும்பலகையைத் தொடாது. நான் வேலை பார்க்கிற வீட்டில் எல்லாரும் மாடிக்கு வைஃபை கேட்கிறார்கள். மேசையில் நகராமல் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கும் வைஃபை கேட்கிறார்கள், அதுதான் எனக்கு விளங்குவதே இல்லை.


சிறுவாணி:

சரி, தோற்றுவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய பெட்டிக்கு அப்டேட் வராதே, பாதுகாப்பு? 2017-இல் டபிள்யூபிஏ2-இலேயே ஓட்டை என்று கிராக் என்ற தாக்குதலைப் பற்றி எல்லாரும் பேசினார்களே. கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் போடும் இலவச ஓப்பன்டபிள்யூஆர்டி போடலாமா? அப்புறம் மாணவர்கள் நேரில் வந்தால் கெஸ்ட் வைஃபை என்று தனியாகக் கொடுக்கலாமா?


வயர்மேன்_மேலூர்:

நியாயமான கேள்வி. நீலத் துளை காலி என்பதால் இந்தப் பெட்டி இன்டர்நெட்டுக்கு நேராக முகம் காட்டவில்லை, பைபர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பழைய ரவுட்டரை வாசலில் வைப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளே வைக்கும்போது ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. கிராக் பெரும்பாலும் போன், லேப்டாப் பக்கத்து ஓட்டை. அங்கே அப்டேட் போட்டிருந்தால் அதிகம் பயப்பட வேண்டாம், தாக்குகிறவர் சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தாகவும் வேண்டும். டிபி-லிங்க் தளத்தில் அந்த வெர்ஷன் எண்ணுக்கு உரிய கடைசி ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) போட்டு, அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் வீட்டுக்குப் போதும். வெர்ஷன் எண்ணை அடியில் உள்ள சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு வெர்ஷனுடையதைப் போட்டால் பெட்டி செங்கல்.

ஓப்பன்டபிள்யூஆர்டி வேண்டாம் தம்பி. 841-இன் பல வெர்ஷன்களில் நினைவகம் ரொம்பக் குறைவு, ஃபிளாஷ் 4 எம்பி, ராம் 32 எம்பி. அந்த அளவு பெட்டிகளுக்கு 19.07 வரிசையோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அதைப் போட்டாலும் அதுவும் அப்டேட் இல்லாத சாமான்தான்.

கெஸ்ட் வைஃபையும் இதில் கண்துடைப்பு. ரவுட்டர் வேலையை நிறுத்தியாயிற்று, பிரித்து வைக்க அதனிடம் சுவர் இல்லை. வருகிறவர்களும் அதே நெட்வொர்க்கில்தான் வந்து சேருவார்கள். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, வேகம் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அப்படித்தான், 841-இல் என்ன டிக் போட்டாலும் நடக்காது. பைபர் பெட்டியில் கெஸ்ட் இருந்தால் அங்கே போடுங்கள்.


நல்லூரான்:

யாழ்ப்பாணத்தில இருந்து கேட்கிறன். எங்கட வீட்டிலயும் பைபர் வந்த பிறகு பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் சும்மா கிடக்குது. டெலிபோன் வயர் கொழுவிற துளையும், நாலு லேன் துளையும் இருக்கு. நீல நிறத்தில தனித்துளை ஒண்டும் இல்லை. இதையும் இப்பிடிப் பாவிக்கலாமோ?


வயர்மேன்_மேலூர்:

தாராளமாக, அண்ணன். நாலும் லேன் துளை என்பதால் தவறான துளையில் செருகுகிற பயமே இல்லை. லேன் எண்ணை மாற்றுவது, டிஎச்சிபியை நிறுத்துவது, ஒரே வயர், எல்லாம் அதேதான். டெலிபோன் துளையைக் காலியாக விடுங்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: ஏடிஎஸ்எல் பெட்டிகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.1-இல்தான் வரும், உங்கள் பைபர் பெட்டியும் அதே எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் எண்ணை மாற்றி முடிக்கும் வரை இரண்டையும் சேர்க்காதீர்கள். கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் டிஎச்சிபி பக்கத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள் சிலர், ரீசெட் செய்து அடியில் உள்ள பாஸ்வேர்டில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாடல் எண்ணையும் போடுங்கள்.